மீன் கழிவும் கோழித் தீவனம் ஆகும்!

(அலங்காநல்லூரில் நாட்டுக்கோழி வளர்ப்போரிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊர் மீன் கடையில மதியம் என்ன மிஞ்சும்? தலை, குடல், செவுள், செதில். இதை வாய்க்கால் ஓரம் கொட்டினா ஈயும் நாயும் சேரும், தண்ணியும் கெடும். ஆனா கோழித் தீவனத்துல நாம அதிக விலை கொடுத்து வாங்குற புரதம் இந்தக் கழிவுலயே இருக்கு.

"அப்போ அப்படியே கோழிக்குப் போட்டுடலாமே?" என்று கேட்பீர்கள். கூடாது. பச்சைக் கழிவில் நோய்க் கிருமிகள் இருக்கும். நம்ம வெயிலுக்குச் சில மணி நேரத்திலேயே அழுகிவிடும்.

இதற்கு வழி அமில முறை. நார்வேயில் பெரிய அளவில் நடக்கிறது. கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனமும் இதைச் சொல்லித் தருகிறது. அன்றைய கழிவை அன்றே கூழாக அரைத்து, 10 கிலோவுக்கு 300 முதல் 350 கிராம் ஃபார்மிக் அமிலம் கலந்து, பிளாஸ்டிக் டிரம்மில் மூடி வைக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் அரித்துவிடும். தினமும் சில முறை கிளறிவிடுங்க. அமிலம் கிருமிகளைத் தடுக்கும். மீன் குடலில் உள்ள நொதிகளே சதையைக் கரைக்கும். அதனால குடலைத் தூக்கிப் போடாதீங்க. சுமார் ஒரு வாரத்தில் குழம்பு போல ஆகிவிடும். பி.எச். தாளில் 4-க்குக் கீழ் காட்ட வேண்டும். பிறகு தவிட்டில் கலந்து காயவைத்துத் தீவனத்தில் சேர்க்கலாம்.

சில எச்சரிக்கைகள்:

* ஃபார்மிக் அமிலம் தோலையும் கண்ணையும் சுடும். கையுறை, கண்ணாடி அவசியம். மேலே பட்டால் உடனே 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, மருத்துவரிடம் போங்க.
* உப்புக் கருவாட்டுக் கழிவு வேண்டாம். அதிக உப்பு கோழியைக் கொன்றுவிடும்.
* 100 கிலோ தீவனத்தில் 5 கிலோவோடு நிறுத்துங்க. விற்பதற்கு இரண்டு மூன்று வாரம் முன்பே நிறுத்தாவிட்டால் கறியில் மீன் வாடை வரும்.
* நம்ம ஊர்ல இதைச் சொல்லியே ஆகணும்: ஜல்லிக்கட்டுக் காளைக்கோ, பசு, ஆட்டுக்கோ வைக்காதீங்க. அசைபோடும் பிராணிக்குப் புல்லும் வைக்கோலும் தானியமும்தான் தீவனம்.

தனியாக அமிலம் வாங்கி ஆரம்பிக்க வேண்டாம். முதலில் உங்கள் ஊர் கால்நடை மருத்துவரிடமோ, மதுரையிலுள்ள கால்நடைப் பல்கலைக்கழகப் பயிற்சி மையத்திலோ பேசுங்க. கையில இருக்கிற போனிலேயே 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்தில் தமிழில் கேட்கலாம். நாலைந்து பேர் குழுவாகச் சேர்ந்து, மீன் கடைக்காரரிடம் சொல்லி வைத்து, ஒரே ஒரு டிரம்மில் தொடங்குங்க. வாய்க்காலும் சுத்தமாகும், தீவனச் செலவும் குறையும்.