உதிரும் இலையும் எரியும் தழலும்



மடியில் இருக்கும் உங்கள் கையை ஒருமுறை பாருங்கள். தாயின் வயிற்றில் இந்தக் கை முதலில் ஒரு சின்னத் துடுப்பு மாதிரி இருந்தது. விரலுக்கு விரல் சவ்வு ஒட்டிக் கிடந்தது. நடுவிலிருந்த செல்கள் தாமாகவே இறந்து வழிவிட்டன. அதனால்தான் நாம் பேனா பிடிக்கிறோம், பூத்தொடுக்கிறோம். சாவு செதுக்கிக் கொடுத்த விரல்கள் இவை!

1960-களின் தொடக்கத்தில், ஜான் கெர் என்ற ஆஸ்திரேலிய மருத்துவர் லண்டனில் எலியின் ஈரலை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஈரலின் ஒரு பகுதிக்குப் போகும் ரத்தக்குழாயைக் கட்டிவிட்டார். அந்தப் பகுதி மெல்லச் சுருங்கியது. நுண்ணோக்கியில் பார்த்தால், ஓரிடத்தில் செல்கள் கூட்டமாக அழிந்து கிடந்தன. மற்ற இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் செல்கள் சுருங்கி, சிறு சிறு உருண்டைகளாக உடைந்திருந்தன. அவற்றைச் சுற்றி வீக்கம் இல்லை, கலவரம் இல்லை. பக்கத்துச் செல்களே அவற்றை விழுங்கித் துப்புரவு செய்துவிட்டன.

1972-ல் கெரும் அவருடன் ஆய்வு செய்த வில்லி, கரி இருவரும் இந்த அமைதியான சாவுக்கு 'அபாப்டோசிஸ்' என்று பெயர் வைத்தார்கள். சொல்லை எடுத்துக் கொடுத்தவர் அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்க மொழிப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். மரத்திலிருந்து இலை உதிர்வது என்று பொருள். மருத்துவர்கள் ஒரு சொல்லுக்காக மொழியாசிரியரைத் தேடிப் போனார்களே, இலக்கிய மன்றத்தில் இதைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வேன்!

உதிர வேண்டிய செல் உதிர மறுத்தால் அது புற்றுநோய்க்கு வழி. சரி, உதிராமல் வெடித்துச் சாகிற செல்?

தீக்காயத்திலும், ரத்தம் போகாத இதயத் தசையிலும் நடப்பது அதுதான். செல்லின் சவ்வு கிழிந்து உள்ளிருப்பது வெளியே கொட்டுகிறது. உடம்புக்கு அது அபாய மணி. வெள்ளையணுக்கள் ஓடி வருகின்றன. சிவப்பு, வீக்கம், சூடு, வலி என்று ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்த நான்கு அடையாளங்களும் தோன்றுகின்றன. நாம் இதை அழற்சி என்கிறோம். சொல்லுக்குள்ளேயே அழல் இருக்கிறது, பாருங்கள்.

அந்தத் தீ வேண்டும். அது இல்லாவிட்டால் முள் குத்திய புண்கூட ஆறாது. கிருமி உள்ளே குடியேறிவிடும். ஆனால் சமைத்து முடிந்த பிறகும் அணைக்காத அடுப்பு வீட்டைக் கொளுத்தும். மூட்டுவாதம் அப்படித்தான். ரத்தக்குழாய்ச் சுவரிலும் அந்தத் தணல் கண்ணுக்குத் தெரியாமல் கனன்றுகொண்டிருக்கும். ஏற்கெனவே மாரடைப்பு வந்த 10,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த சோதனையின் முடிவு 2017-ல் வெளியானது. கொடுத்த மருந்து கொழுப்பைத் தொடவில்லை, அழற்சியை மட்டும் தணித்தது. அதற்கே மாரடைப்பு குறைந்தது. அதே மருந்தால் உயிரைப் பறிக்கும் தொற்றுகள் சற்றுக் கூடின என்பதையும் சொல்லியாக வேண்டும். தீயை ஒரேயடியாக அவித்துவிட முடியாது. அளவாக எரிய வைப்பதே மருத்துவம்.

கடைசியாக, என் மனத்தை அரிக்கிற ஒன்று. செல்சஸ் சொன்ன நான்கில் வலிதான் நம்மை மருத்துவரிடம் இழுத்துப் போகிறது. நீண்ட நாள் சர்க்கரை நோய் காலின் நரம்புகளைக் கெடுத்து அந்த வலியைத்தான் திருடுகிறது. செருப்புக்குள் கிடந்த சிறு கல் தோலைக் கிழித்தாலும் தெரியாது. ரத்தம் சரியாகப் போகாத காலில் செல்கள் கொத்துக் கொத்தாகச் சாகும், புண் அழுகும், விரல் போகும், சில நேரம் காலே போகும்.

உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை நோய் இருந்தால், வீட்டுக்குப் போனதும் அவர்களை வெளிச்சத்தில் உட்கார வையுங்கள். உள்ளங்காலைத் திருப்பிப் பாருங்கள், விரலிடுக்கையும் விடாதீர்கள். சிவந்திருந்தால், வீங்கியிருந்தால், தொட்டால் சூடாக இருந்தால், 'வலிக்கலையே' என்று அவர்கள் சொன்னாலும் கேட்காதீர்கள். மறுநாள் காலையிலேயே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.