15 கிலோ ராடு



நாங்கள் படித்த காலத்தில் நம் கல்லூரி ஜிம்முக்குள் பெண்கள் வந்ததே இல்லை. யாரும் தடை போடவில்லை. வந்தால் சிரிப்பார்கள், அவ்வளவுதான். சிரிக்கக் காத்திருந்தவர்களில் அடியேனும் ஒருவன்.

2000-ஆம் ஆண்டு சிட்னியில்தான் ஒலிம்பிக்கில் முதன்முறையாகப் பெண்களுக்குப் பளு தூக்கும் போட்டி வைத்தார்கள். 69 கிலோ பிரிவில், ஆந்திராவில் பிறந்த கர்ணம் மல்லேஸ்வரி ஸ்னாட்சில் 110, கிளீன் அண்ட் ஜெர்க்கில் 130, ஆக மொத்தம் 240 கிலோ தூக்கி வெண்கலம் வாங்கினார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். எனக்குப் பிடித்தது அந்தப் பதக்கம்கூட இல்லைங்க. கடைசி முறை தங்கத்தைக் குறிவைத்து 137.5 கிலோ கேட்டார் பாருங்கள், அதுதான்! தூக்க முடியவில்லை. ஆனாலும் கேட்டாரே!

"பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு வெயிட்டு?" என்பார்கள். பெண்கள் போட்டியில் வெறும் ராடு மட்டும் 15 கிலோ. நம் அம்மாக்கள் இடுப்பில் சுமந்த தண்ணீர்க் குடமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அப்போது யாரும் இப்படிக் கேட்டதில்லை.

நான் மெக்கானிக்கல்காரன். திரும்பத் திரும்பப் பாரம் ஏற்றினால் இரும்பு விரிசல் விடும். எலும்பும் தசையும் நேர்மாறு. அளவாக ஏற்றி, ஓய்வும் சாப்பாடும் கொடுத்தால் உறுதிப்படும். போன மாதம் அசையாத எடை இந்த மாதம் மேலே வந்துவிட்டால், அந்தப் பெண்ணுக்கு யாரும் தைரியம் சொல்லித்தர வேண்டியதில்லை.

சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஒரு 15 கிலோ ராடு, சரியாகச் சொல்லிக்கொடுக்க ஒரு பயிற்சியாளர், தங்கைகளுக்கென்று மாலையில் ஒரு மணி நேரம். ராடுக்கான பணம் என்னுடையது. ஜிம் சாவியை பி.டி. சார் கொடுக்கட்டும்.