நாம் கட்டிய மேடை



நான் மர வைத்தியம் பார்க்கிறவன். அதனால் காலையிலேயே வந்து வளாகத்து மரங்களைப் பார்த்துவிட்டேன். கேன்டீன் எதிரே இருக்கும் நம்ம தூங்குமூஞ்சி மரத்தைச் சுற்றி, நம் செட் பணம் போட்டுக் கட்டிய சிமெண்ட் மேடை இருக்கிறதே, அதை இடிக்க வேண்டும். கல்வெட்டில் என் பெயரும் இருக்கிறது. அந்தத் தைரியத்தில் சொல்கிறேன்.

வேர் பாதாளம் வரை போகிறது என்றுதான் நாம் நினைக்கிறோம். நீரும் சத்தும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில், ஒன்றிரண்டு அடிக்குள்தான் இருக்கும். பக்கவாட்டில் கிளை விரிப்பையும் தாண்டிப் போகும். அவற்றுக்குத் தண்ணீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். சிமெண்ட் போட்டால் இரண்டும் போச்சு. மேடைக்குள் கொட்டிய மண்ணோ அடிமரத்துப் பட்டையை ஈரத்திலேயே வைத்து அழுக வைக்கும். பல வருஷம் வெளியே ஒன்றும் தெரியாது. இப்போது உச்சிக் கிளைகள் நாலைந்து காய்ந்திருக்கின்றன, பார்த்தீர்களா?

2016 டிசம்பர் 12-ல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. நடைபாதை கான்கிரீட்டுக்கும் கேபிள் பள்ளத்துக்கும் வேரைப் பறிகொடுத்து நின்றவை அவற்றில் எத்தனையோ. டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட்டை அகற்றும்படி தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-லேயே உத்தரவிட்டது.

ஜே.சி.பி. வேண்டாம், வேர் அறுந்துவிடும். உளியும் சுத்தியலும் போதும். மண்ணைக் கையால்தான் அள்ள வேண்டும். கூலி என் செலவு. உட்காரத் தள்ளி நாலு கல் பெஞ்சு போட்டு, கல்வெட்டை அங்கே பதித்துக்கொள்வோம். நாளைக் காலை ஆறு மணிக்கு அங்கே இருப்பேன். வேட்டி கட்டியவர்கள் மாற்றுத்துணி கொண்டு வாருங்கள்.