அலுவலகம் இல்லாத கம்பனி
(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



பட்டம் பெற்று, உத்தியோகம் பார்த்து, பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டவர்கள் எம்மிடையே பலர். எல்லோரும் வீட்டிலிருந்தே வேலை செய்யும் கம்பனி அவர்களுக்கு என்ன தரும், என்ன கேட்கும் என்பது பற்றிப் பேச விரும்புகிறோம்.

இது கொரோனாக் காலத்தில் பிறந்த யோசனையன்று. நாஸிகளிடமிருந்து தப்பி 1939இல் ஐந்து வயது அகதியாக இங்கிலாந்து வந்த ஸ்டெபனி ஷெர்லி, 1962இல் 6 பவுண் முதலோடு தன் வீட்டிலேயே செய்நிரல் எழுதும் கம்பனியொன்றைத் தொடங்கினார். பிள்ளைகளுக்காக வேலையை விட்ட பெண்களைத் தேடிச் சேர்த்தார். வீட்டில் கணினி இல்லாத காலம். அவர்கள் தாளில் பென்சிலால் எழுதினார்கள். ஷெர்லி தன் பெயரில் அனுப்பிய கடிதங்களை வர்த்தகர்கள் கவனிக்கவில்லை. 'ஸ்டீவ்' என ஒப்பமிட்ட பின்பே கவனித்தார்கள். கொன்கோர்ட் விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான செய்நிரலும் அப்பெண்களின் வீடுகளில்தான் உருவானது. முதல் 300 ஊழியரில் 297 பேர் பெண்கள்.

நன்மைகள் வெளிப்படை. கட்டட வாடகை இல்லை, பஸ்ஸில் கழியும் நேரம் மிச்சம். கிளிநொச்சியில் இருப்பவரும் கனடாவில் இருப்பவரும் ஒரே குழுவில் சேரலாம்.

சிரமங்களும் உண்டு. கோடையில் ரொறன்ரோவில் காலை எட்டு மணி என்றால் இங்கே மாலை ஐந்தரை. வாய்ப்பேச்சில் எடுத்த முடிவு தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாது. எல்லாவற்றையும் எழுதிவைக்க வேண்டும். புதிதாகச் சேரும் பிள்ளை பக்கத்து மேசையைப் பார்த்துத் தொழில் பழக முடியாது. பழக்குவதற்கென்றே ஒருவரை நியமிக்க வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஆகவே, திரைக்கு முன் இருந்த நேரத்தை எண்ணாமல் முடித்த வேலையைப் பார்ப்பதே நியாயம்.

மிகப் பெரிய சிரமம், வீட்டில் இருப்பவள் சும்மா இருக்கிறாள் என்ற எண்ணம். வீட்டுச் சத்தம் கேட்காதிருக்க, தட்டச்சு ஒலி பதிந்த நாடாவை ஓடவிட்டே ஷெர்லி தொலைபேசியில் பேசினார். அறுபது வருடங்கள் கடந்தும் எங்கள் பெண்கள் அப்படி மறைக்க வேண்டுமா? அவர்களது வேலை நேரத்தை வீட்டார் மதிக்க வேண்டும். அடுப்படியைப் பகிர்ந்துகொள்ள வேண்டும்.

வெளிநாடுகளில் தொழில் நடத்தும் சகோதரிகளிடம் ஒரு வேண்டுகோள். இப்பாடசாலையை விட்டு வெளியேறும் பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள். கூலிக்கு ஆள் பிடிப்பதுபோல அன்றி, நியமனக் கடிதத்தோடும் ஊழியர் சேமலாப நிதியோடும் கொடுங்கள். ஷெர்லி தன் பங்குகளை ஊழியருக்குப் பகிர்ந்ததால் அவர்களில் 70 பேர் மில்லியன் பவுணுக்கு உரியவரானார்கள். தூரத்தில் இருந்தவர்களையும் அவர் தன்னவர்களாகவே கருதினார்.