அண்டை வீட்டுத் தகராறும் ஆதிக்கமும் ஒன்றல்ல

(கட்சி வகுப்பில் ஆற்றிய உரையின் சுருக்கம்)

தோழர்களே,

நமது கிளைகளுக்கு மக்கள் கொண்டுவரும் புகார்களில் அண்டை வீட்டாரின் தொல்லை முக்கியமானது. தண்ணீர்க் குழாய், சாக்கடை, பொதுச்சுவர், குடிபோதையில் வசவு எனத் தொடக்கம் எதுவாயினும், "இவனை உள்ளே தள்ள வேண்டும்" என்ற கோரிக்கையில்தான் அது முடிகிறது. இக்கோரிக்கையை நாம் எவ்வாறு அணுகுவது?

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின்படி, வழிமறித்தலுக்கு ஒரு மாதம் வரை சிறை. மிரட்டலுக்கு இரண்டு ஆண்டுகள் வரை. கொலை மிரட்டலாயின் ஏழு ஆண்டுகள் வரை. குடித்துவிட்டுப் பொது இடத்தில் தொல்லை தருபவருக்கு 24 மணி நேரச் சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம்; அல்லது சமூக சேவை.

ஏட்டில் உள்ளது இது. நடைமுறை வேறு. மிரட்டல், சிறு காயம் போன்றவை நீதித்துறை நடுவரின் உத்தரவின்றிக் காவல்துறை புலனாய்வு செய்ய இயலாத குற்றங்கள். ஆகவே காவல் நிலையம் எளிய வழியை நாடுகிறது: இரு தரப்பாரையும் அழைத்து, அமைதி காப்பதாக நிர்வாக நடுவரிடம் பிணைப் பத்திரம் எழுதி வாங்கச் செய்கிறது. துன்புறுத்தியவரும் துன்புற்றவரும் ஒரே தட்டில் நிறுத்தப்படுகின்றனர். உத்தரவான பிணையைக் கொடுக்க இயலாத ஏழை, எக்குற்றமும் மெய்ப்பிக்கப்படாமலேயே சிறை செல்ல நேரிடும். எனவே, ஒரே வர்க்கத்தைச் சேர்ந்த இரு உழைப்பாளிகளுக்கிடையிலான தகராறில் சிறைத் தண்டனையை நாம் முதல் தீர்வாகக் கோரலாகாது. பெரும்பாலும் குழாய்ச் சண்டையின் வேர் குடிநீர்ப் பற்றாக்குறையில் உள்ளது. அங்கே போராட்டம் நகராட்சியை எதிர்த்து நடக்க வேண்டும்.

ஆனால் எல்லா அண்டை வீட்டாரும் சமமானவர்கள் அல்லர். ஹரியானாவின் மிர்ச்பூரை நினைவில் கொள்ளுங்கள். 2010 ஏப்ரலில், நாய் குரைத்ததையொட்டி எழுந்த வாய்த்தகராறு வால்மீகி மக்களின் வீடுகள் எரிக்கப்படுவதில் முடிந்தது. ஒரு முதியவரும் அவருடைய மாற்றுத்திறனாளி மகளும் உயிரோடு எரிந்து மாண்டனர். எரித்தவர்கள் அயலூரார் அல்லர். அதே ஊரின் ஆதிக்க சாதியினர். வழக்கு டில்லிக்கு மாற்றப்பட்டது. 2011இல் விசாரணை நீதிமன்றம் 97 பேரில் 15 பேரை மட்டுமே குற்றவாளிகள் என்றது. விடுவிக்கப்பட்டவர்களில் மேலும் 20 பேரை டில்லி உயர்நீதிமன்றம் 2018இல்தான் குற்றவாளிகளாக்கியது. எட்டு ஆண்டுகள் காத்திருந்த பின் கிடைத்த நீதி அது.

இத்தகைய ஆதிக்கத்திற்காகவே 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உள்ளது. பொதுப் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதியின் பேரால் இழிவுபடுத்துவோருக்கு அது ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. உத்தராகண்டில் எழுந்த நிலத் தகராறு வழக்கொன்றில், வீட்டின் நான்கு சுவர்களுக்குள் பேசப்பட்ட வசவு இப்பிரிவில் அடங்காது என்று உச்சநீதிமன்றம் 2020இல் தீர்ப்பளித்தது. சாட்சியில்லாத இடத்தில் விழும் வசவுக்கும் வலி உண்டு என்பதை அண்டையில் வாழ்பவர்கள் அறிவார்கள்.

இங்கே நம்மையும் நாம் சுயவிமர்சனம் செய்துகொள்ள வேண்டும். "ஊர் ஒற்றுமை", "வர்க்க ஒற்றுமை" என்ற பெயரில், இழிவுபடுத்தப்பட்ட தலித் பெண்ணைச் சமரசத்திற்கு இணங்குமாறு நம்மில் எவரேனும் வற்புறுத்தினால், அது ஆதிக்கத்திற்குத் துணைபோவதாகும். அடிபணிவின் மீது ஒற்றுமையைக் கட்ட முடியாது.

தோழர்களே, தண்டனையின் நீளத்தைவிட அதன் உறுதியே அச்சத்தை ஏற்படுத்தும். சமமானவர்களிடையே தகராறாயின், தெருவிலேயே உட்கார்ந்து பேசித் தீர்ப்போம். ஆதிக்கமாயின், முதல் தகவல் அறிக்கை பதிவாகும் வரை காவல் நிலைய வாசலை விட்டு அகலோம். சாட்சிகளுக்குத் தீர்ப்பு நாள் வரை துணை நிற்போம். புகார் எதுவாயினும் கிளைத் தோழர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இவ்விருவரும் சமமானவர்களா?