வழுக்கி விழுந்தவருக்கும் வழக்கு உண்டு

(சங்கத்தின் வெள்ளி விழா இளைஞர் அரங்கில், சட்ட உதவிக் குழுவின் சார்பில் ஆற்றிய உரை)



வெள்ளி விழா மேடையில் ஏறுவோர் சங்கம் கடந்து வந்த பாதையைப் புகழ்ந்துரைத்தல் மரபு. அதனைக் காலையில் செயலாளர் அறிக்கை செவ்வனே செய்து முடித்துவிட்டது. எங்கள் குழுவுக்கு அளிக்கப்பட்ட தலைப்பு வேறு. கடையிலோ கிட்டங்கியிலோ ஈரத்தரையில் வழுக்கி விழுந்து அடிபட்டவருக்குச் சட்டத்தில் என்ன உரிமை உண்டு என்பதே அது. தலைப்பை அறிவித்தபோது பின்வரிசையில் சிலர் சிரித்தனர். அவர்கள்மீது எங்களுக்கு வருத்தம் இல்லை. விழுந்தவரைக் கண்டால் முதலில் சிரிப்பதும், பிறகு “பார்த்து நடக்கக் கூடாதா?” என்று கடிந்துகொள்வதும் நம் ஊர் வழக்கமே. அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறோம். ஏனெனில் அந்தக் கேள்வி நம்மவர்க்குப் பெரும் பொருள் நட்டத்தை உண்டாக்கியிருக்கிறது.

நம் தெருவைச் சேர்ந்த தாயார் ஒருவர். விழுந்த நாளில் அவருக்கு வயது நாற்பது. துறைமுகச் சரக்குகளை அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியில் ஒப்பந்தக்காரர் ஒருவரின்கீழ் மூட்டை தைப்பதும், சிந்திய தானியத்தைக் கூட்டிச் சேர்ப்பதும் அவர் வேலை. மாதம் ஏறத்தாழ பத்தாயிரம் ரூபாய் வரும். ஐப்பசி மழை நாள் ஒன்றில், பீப்பாயிலிருந்து கசிந்து தரையில் கிடந்த எண்ணெய்மேல் மழைநீரும் சேர்ந்துவிட்டது. தலையில் சாக்குக் கட்டுடன் வந்தவர் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது.

மேற்பார்வையாளர் ஆட்டோ வைத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அந்த உதவியை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால், “எங்கே விழுந்தார்?” என்று மருத்துவர் கேட்டபோது, “வீட்டு வாசலில் வழுக்கிவிட்டார்” என்று அவரே விடை சொன்னார். வலியில் துடித்துக்கொண்டிருந்த தாயார் வாய் திறக்கவில்லை. விபத்துப் பதிவேட்டில் அதுவே ஏறிற்று. எட்டாம் நாள் ஐயாயிரம் ரூபாயுடன் ஒப்பந்தக்காரர் வீட்டுக்கு வந்தார். ஒரு தாளில் பெருவிரல் ரேகை வாங்கிக்கொண்டார். நகல் ஒன்றைத் தந்துவிட்டுப் போனார். அந்தத் தாளில் “இனி எனக்கு எவ்விதக் கோரிக்கையும் இல்லை” என்று எழுதியிருந்தது.

அவருடைய மகன் நம் சங்கத்தின் மாலை வகுப்பில் பயின்ற பிள்ளை. உதவித்தொகை விண்ணப்பத்துக்குச் சான்றிதழ் தேடியபோதுதான் அந்த நகல் பெட்டியிலிருந்து வெளிப்பட்டு எங்கள் கைக்கு வந்தது. அதற்குள் இரண்டு ஆண்டுகளும் சில மாதங்களும் கழிந்திருந்தன. தாயார் இன்றும் கோலூன்றித்தான் நடக்கிறார். இருபத்தைந்து ஆண்டுகளாக நாம் கணக்கும் ஆங்கிலமும் கற்பித்தோம். நம் வீட்டுக்கு வரும் ஒரு தாளைப் படித்துப் பார்த்த பிறகே ரேகை வைக்க வேண்டும் என்பதைக் கற்பிக்கவில்லை. இக்குறையை விழா மலரில் பதிவு செய்வது தகுமா என்று சிலர் கேட்டனர். தகும் என்றே கருதுகிறோம்.

இந்தக் கரையில் உழைப்பின் ஆபத்துக்கு விலை வைப்பது புதிதன்று. பாண்டிய நாட்டின் முத்துக்குளிப்பை வருணித்த மார்க்கோ போலோ, மூழ்குவோரைப் பெருமீன்கள் தீண்டாதபடி மந்திரம் சொல்வோருக்கு வணிகர்கள் இருபதில் ஒரு பங்கு முத்தைக் கொடுத்ததாக எழுதியிருக்கிறார். அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. மந்திரம் பலிக்காமல் போனால் மூழ்கியவன் வீட்டாருக்கு எத்தனை பங்கு என்பதை அவர் சொல்லவில்லை. 1908இல் இவ்வூர்க் கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா ஆகியோர் துணையுடன் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வு பெற்றபோதும், வேலையில் ஊனமுற்றோருக்கு இழப்பீடு தரும் சட்டம் இந்நாட்டில் இல்லை. அது 1923இல்தான் வந்தது. பிறகு, 1942 முதல் 1946 வரை அண்ணல் அம்பேத்கர் வைசிராய் அவையில் தொழிலாளர் துறையை ஏற்றிருந்த காலத்தில் தொழிலாளர் நலக் காப்பீட்டுக்கான ஆயத்தங்கள் நடந்து, 1948இல் ஈ.எஸ்.ஐ. சட்டம் பிறந்தது. இவ்விரு சட்டங்களின் இடத்தில் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்துள்ளது. பெயரும் பிரிவு எண்களும் மாறினவேயன்றி, இழப்பீட்டின் அடிப்படை மாறவில்லை.

அந்த அடிப்படை யாது? வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் விபத்து நேர்ந்தால் முதலாளி இழப்பீடு தரவேண்டும். “யார் தவறு?” என்பது அங்கே கேள்வியே அன்று. “பார்த்து நடந்திருக்கலாமே” என்று சொல்லி முதலாளி தப்ப இயலாது. குடிபோதை, பாதுகாப்புக் கட்டளையை வேண்டுமென்றே மீறுதல், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றுதல் போன்ற சில காரணங்களையே அவர் சொல்லலாம். உயிர் போனாலோ, முழு ஊனம் நிலைத்துவிட்டாலோ அவையும் செல்லா. இச்சட்டத்தில் அட்டவணையிட்டுச் சொல்லப்பட்ட வேலைகளுக்கே இழப்பீடு என்பதை மறக்கலாகாது. துறைமுகச் சரக்கைக் கையாளுதல் அவ்வட்டவணையில் உண்டு. ஈ.எஸ்.ஐ.க்கு உட்பட்ட நிறுவனமாயின் உதவி அவ்வழியே வரும். முதலாளியிடம் தனியே இழப்பீடு கேட்க முடியாது. எந்த வழி தமக்குரியது என்பதை வழக்கறிஞரிடம் முதலிலேயே தெளிந்துகொள்க.

தொகையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். கணக்கு வகுப்பு எடுத்தவர்கள் அல்லவா நாம். முழு ஊனத்துக்கு மாதக் கூலியில் 60 விழுக்காட்டை வயதுக்குரிய காரணி எண்ணால் பெருக்க வேண்டும். நாற்பது வயதுக்கு அந்த எண் 184.17. பத்தாயிரத்தில் 60 விழுக்காடு ஆறாயிரம்; பெருக்கினால் ரூ.11,05,020. சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு போயிற்று என்று மருத்துவர் மதிப்பிட்டால் ரூ.3,31,506. சிகிச்சைச் செலவு இதற்குப் புறம்பானது. அந்தத் தாயாருக்கு நிலைத்த ஊனம் எத்தனை விழுக்காடு என்பதை மருத்துவக் குழுவே சொல்ல வேண்டும். எனினும் அவர் கைக்கு வந்தது ஐயாயிரம் என்பதை இந்த எண்ணுக்குப் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

ஊனத்தை அளப்பது எப்படி என்பதற்கு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு. 1968இல் ஒரிசாவில், திரையரங்கு ஒன்றில் வேலை செய்துகொண்டிருந்த தச்சர் ஒருவர் கீழே விழுந்து, இடக்கையை முழங்கைக்கு மேலே இழந்தார். ஒரு கைதானே போயிற்று, இது பகுதி ஊனமே என்று முதலாளி வாதிட்டார். ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது. ஆகவே இது முழு ஊனமே என்று 1975இல் நீதிமன்றம் முடிவு செய்தது. இழப்பீடு விபத்து நாளிலேயே கடனாகிவிடுகிறது என்றும் அத்தீர்ப்பு கூறியது. உடம்பில் எவ்வளவு போயிற்று என்பதோடு, எந்த வேலை போயிற்று என்பதையும் பார்க்க வேண்டும் என்பது இதன் கருத்து. மூட்டை தைப்பவருக்குக் குனிய முடியாமற் போனால் என்ன மிஞ்சும்?

“எனக்கு மேலே துறைமுகத்து நிறுவனம் இருக்கிறது, அங்கே போ” என்பார் ஒப்பந்தக்காரர். “உன்னை நாங்கள் வேலைக்கு வைக்கவில்லை” என்பர் நிறுவனத்தார். நம் இளைஞர்கள் இந்தப் பந்தாட்டத்தில் களைத்துத் திரும்புவதைப் பல முறை கண்டிருக்கிறோம். தம் தொழிலின் பகுதியாகிய வேலையை ஒப்பந்தக்காரரிடம் விட்ட முதன்மை முதலாளியிடமே இழப்பீடு கேட்கலாம் என்பது சட்டம். அவர் கொடுத்துவிட்டு ஒப்பந்தக்காரரிடம் பெற்றுக்கொள்வது அவர்கள் இருவர் பாடு. உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தனியே எழுதி வாங்கும் தாளும் இச்சட்டத்தின் முன் செல்லாது. பெருவிரல் ரேகை வைத்தாயிற்றே என்று எவரும் வாளாவிருந்துவிட வேண்டா.

இனி, வேலைக்குப் போகாமல் பொருள் வாங்கப் போய் விழுந்தவர் நிலை. பனிமய மாதா திருவிழாக் கூட்டத்திலும், பொங்கல் துணி எடுக்கும் கூட்டத்திலும் கடைப்படிகளில் நம் பெண்கள் விழுந்திருக்கிறார்கள். இங்கே கடைக்காரரின் கவனக்குறைவைக் காட்ட வேண்டும். இதற்கென நம் நாட்டில் தனிச்சட்டம் இல்லை; நீதிமன்றத் தீர்ப்புகளே வழி. தில்லி சாந்தினி சௌக்கின் மணிக்கூண்டு இடிந்து வழிப்போக்கர்கள் இறந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1966இல் நகராட்சியையே பொறுப்பாக்கியது. பராமரிப்பவர் கவனமாயிருந்தால் கூண்டு விழாது. விழுந்ததே சான்று என்பது அதன் உட்பொருள்.

தரை வழுக்கியதற்கே ஒரு புகழ்பெற்ற ஆங்கில வழக்கு உண்டு. இங்கிலாந்தில் டெஸ்கோ என்னும் பெருங்கடையில், சிந்திக் கிடந்த இனிப்புத் தயிரில் வழுக்கி விழுந்தார் வார்டு என்ற அம்மையார். பெரிய காயம் இல்லை. தயிர் எப்போது சிந்தியது என்று அவரால் நிறுவ முடியவில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து அதே கடைக்குப் போனபோது தரையில் ஆரஞ்சுச் சாறு சிந்திக் கிடப்பதைக் கண்டு, கால் மணி நேரம் நின்று பார்த்தார். துடைக்க ஒருவரும் வரவில்லை. நீதிமன்றத்தில் அதைச் சொன்னார். கவனமாகத் துடைக்கும் ஏற்பாடு இருந்தது என்று காட்டும் பொறுப்பு கடையினுடையதே என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. அவருக்குக் கிடைத்தது 137 பவுன் 50 பென்சு. 1976ஆம் ஆண்டுச் சட்டத் தொகுதியில் அச்சான அவ்வழக்கை இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கிறார்கள். அயல்நாட்டுத் தீர்ப்பு நம் நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது, எடுத்துக்காட்டலாம். எங்களுக்கு அந்தத் தீர்ப்பைவிட, அம்மையார் நின்று பார்த்த கால் மணி நேரமே பெரிதாகப் படுகிறது.

ஏனெனில் இவ்வகை வழக்குகள் சான்றில்தான் வெல்வதும் தோற்பதும். மருத்துவரிடம் இடத்தையும் காரணத்தையும் விழுந்தவரோ உறவினரோ சொல்ல வேண்டும். உடன் வந்த மேற்பார்வையாளரை முந்தவிடலாகாது. தரையைக் கழுவிவிடுமுன் கைப்பேசியில் படம் எடுங்கள். உடன் நின்றவர் பெயரையும் கடை ரசீதையும் காத்து வையுங்கள். எச்சரிக்கைப் பலகை வைத்திருந்தோம் என்பர். அது எம்மொழியில் இருந்தது, கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்ததா என்று பாருங்கள். நீங்களும் கவனமின்றி நடந்தீர்கள் என நீதிமன்றம் கருதினால் தொகை குறையலாம். அதற்காக வழக்கு முழுதும் போய்விடாது. தொழிலாளர் இழப்பீட்டுக்கு இரண்டு ஆண்டு, நுகர்வோர் ஆணையத்துக்கும் இரண்டு ஆண்டு, உரிமையியல் வழக்குக்கு மூன்று ஆண்டு என்பது கெடு.

வழக்கறிஞருக்குப் பணம் எங்கே என்பீர்கள். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் வருமானத்தைப் பாராமலே இலவசமாக வழக்கறிஞரை அமர்த்தித் தருகிறது. இது சலுகை அன்று. பன்னிரண்டாம் பிரிவு எழுதி வைத்த உரிமை. கிறித்தவராய் உள்ள நம் உறவினர்க்கு 1950ஆம் ஆண்டின் ஆணையால் பட்டியல் சாதிச் சான்று இல்லை. அந்த அநீதியைப் பற்றி வேறொரு மேடையில் பேச வேண்டும். ஆயினும் பெண்கள், சிறுவர், தொழிற்சாலைத் தொழிலாளர், குறைந்த வருமானமுடையோர் என்ற வகையில் அவர்களுக்கும் அதே வாயில் திறந்திருக்கிறது. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் அலுவலகத்துக்கு நேரே செல்லலாம். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

அந்தத் தாயாருக்கும் அவ்வழியிலேயே வழக்கறிஞர் கிடைத்தார். கெடு கடந்தமைக்குத் தக்க காரணம் காட்டினால் மனுவை ஏற்கச் சட்டத்தில் இடம் உண்டு. எழுத்தறியாமையையும், ரேகை வாங்கிய விதத்தையும் காரணமாகக் காட்டி மனுச் செய்திருக்கிறோம். விபத்துப் பதிவேட்டில் உள்ள “வீட்டு வாசல்” என்ற இரண்டு சொற்களே இப்போது எங்களுக்குப் பெருந்தடை. அன்று உடன் வேலை செய்த இரு பெண்கள் சாட்சி சொல்ல முன்வந்துள்ளனர். ஒருவர் இன்னும் அதே ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்க்கிறார் என்பதையும் நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மனு விசாரணையில் இருக்கிறது.

வரும் சனிக்கிழமை முதல் மாலை ஆறு மணிக்கு நம் படிப்பகத்தில் எங்கள் குழு அமர்ந்திருக்கும். அடிபட்டவர் இருந்தால் மருத்துவச் சீட்டையும், யாரேனும் கையொப்பம் கேட்டுக் கொடுத்த தாளையும் எடுத்து வாருங்கள். கையொப்பம் இடுவதற்கு முன்பே கொண்டுவந்தால் இன்னும் நன்று.