பதினேழு வயதில் தட்டிய கதவு



'கலை கற்பதற்கு வயது ஒரு தடையா?' என்பது இன்றைய கேள்வி. தடையே இல்லை என்று சிலர் பேசினார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சிலர் கேட்டார்கள். நான் பழமொழிக்குப் பதிலாக ஒரு மனிதரின் வாழ்க்கையை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். ரஷ்யாவில் பாலே நடனம் பயின்று உலகப் புகழ் பெற்ற ருடோல்ஃப் நூரியெவ்தான் அவர்.

பாலேயில் வயது என்பது வெறும் பேச்சு அல்ல. கால்கள் இரண்டும் இடுப்பு மூட்டில் இருந்தே வெளிப்புறமாகத் திரும்பி நிற்க வேண்டும். உடல் வளர்ந்து கொண்டிருக்கும் பருவத்திலேயே அதைப் பழக்கினால்தான் எளிதில் இணங்கும். அதனால்தான் லெனின்கிராட் நடனப் பள்ளி பத்து வயதுப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தது. இன்று அந்த நகரின் பெயர் செயின்ட் பீட்டர்ஸ்பர்க். 1738ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட பள்ளி அது. அக்ரிப்பினா வாகனோவா என்ற ஆசிரியை அங்கே வகுத்த பயிற்சி முறை இன்று பல நாடுகளில் பின்பற்றப்படுகிறது. சுவரோரக் கட்டையைப் பிடித்துக்கொண்டு முழங்காலை மடக்கி நிமிர்வதில் தொடங்கும் பயிற்சி, எட்டு ஒன்பது ஆண்டுகள் நாள் தவறாமல் நடக்கும்.

அந்தப் பள்ளியின் கதவை நூரியெவ் தட்டியது 1955ஆம் ஆண்டில். அப்போது அவருக்கு வயது பதினேழு! அவர் வயதுப் பிள்ளைகள் படிப்பை முடித்து வெளியேறும் நேரம் அது.

ஏன் இத்தனை தாமதம்? அவர் பிறந்ததே ஓடும் ரயிலில். 1938ஆம் ஆண்டு, ராணுவத்தில் இருந்த கணவரிடம் செல்வதற்காகத் தாயார் ஃபரிதா, மூன்று பெண் பிள்ளைகளோடு சைபீரிய ரயிலில் போய்க் கொண்டிருந்தபோது நான்காவதாகப் பிறந்த ஒரே ஆண் பிள்ளை. தாத்தார் இன முஸ்லிம் குடும்பம். போர்க்காலத்தில் ஊஃபா என்ற ஊரில் வறுமையோடு வளர்ந்தார். அக்காளின் மேலங்கியை அணிந்து பள்ளிக்குப் போன பிள்ளை அவர்.

ஏறத்தாழ ஏழு வயதில், ஒரு புத்தாண்டு வேளையில், ஒரே ஒரு நுழைவுச்சீட்டை வைத்துக்கொண்டு பிள்ளைகள் அத்தனை பேரையும் தாயார் ஊர் நாடக அரங்குக்குள் அழைத்துச் சென்றார். அன்று பார்த்த பாலே நடனம் அந்தச் சிறுவனை விடவே இல்லை. ஆனால், போர் முடிந்து திரும்பிய தந்தைக்கு மகன் பொறியாளராகவோ மருத்துவராகவோ வரவேண்டும் என்பதே ஆசை. ஆண் பிள்ளைக்கு நடனமா என்று அடித்ததும் உண்டு. இது ரஷ்யக் குடும்பங்களில் மட்டும் நடக்கிற கதையா? நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள்.

ஆயினும், ஊஃபாவில் அன்னா உதெல்ட்சோவா என்ற முதிய நடன ஆசிரியை இருந்தார். பையனின் நடனத்தைப் பார்த்தவர், இவன் லெனின்கிராட்டில் படிக்க வேண்டியவன் என்று சொல்லித் தாமே பாடம் தொடங்கினார். பின்னர் ஊர் அரங்கில் சின்னஞ்சிறு வேடங்களில் ஆடிப் பணம் சேர்த்து, நூரியெவ் லெனின்கிராட் போய்ச் சேர்ந்தார்.

அங்கே தேர்வு செய்த ஆசிரியை வேரா கோஸ்த்ரோவித்ஸ்காயா அவரைப் புகழவில்லை. ஒன்று நீ மாபெரும் கலைஞன் ஆவாய், இல்லையென்றால் அடியோடு தோற்பாய், தோற்பதற்கே வாய்ப்பு அதிகம் என்ற பொருளில் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆனாலும் கதவை மூடவில்லை. பெற்றோர்களே, இந்த இரண்டாவது செய்தியைக் கவனியுங்கள்.

அடுத்து வாய்த்தவர் அலெக்சாண்டர் புஷ்கின். பெரும் கவிஞரின் பெயரைக் கொண்டவர், ஆனால் நடன ஆசிரியர். அதட்டாமல், வரிசை தவறாமல் பயிற்சி தருவதில் பெயர் பெற்றவர். காலில் அடிபட்டு நூரியெவ் படுத்தபோது, தம் வீட்டிலேயே தங்க வைத்து, மனைவியோடு சேர்ந்து பேணினார். மற்றவர்கள் எட்டு ஒன்பது ஆண்டுகளில் கடக்கும் பாதையை நூரியெவ் மூன்றே ஆண்டுகளில் கடந்தார். 1958ஆம் ஆண்டில் புகழ்பெற்ற கிரோவ் நடனக் குழு அவரைத் தனி நடனக் கலைஞராகவே சேர்த்துக் கொண்டது.

ஆக, வயது தடை இல்லை என்று முடித்துவிடலாமா? அவசரம் வேண்டாம். பிந்தி வந்தவர் கொடுத்த விலையையும் சொல்ல வேண்டும்.

1961ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள், பாரிஸ் விமான நிலையத்தில், குழுவோடு லண்டன் போக இருந்தவரை மாஸ்கோவுக்குத் திரும்பச் சொன்னார்கள். போனால் இனி வெளிநாட்டு மேடையே இல்லை என்று அஞ்சியவர், பிரெஞ்சுப் போலீசாரிடம் அடைக்கலம் கேட்டார். மறு ஆண்டு லண்டனில் மார்கோட் ஃபாண்டேனுடன் 'ஜிசெல்' ஆடினார். அந்த அம்மையாருக்கு அப்போது 42 வயது, இவருக்கு 23. ஓய்வு பெறும் காலம் வந்துவிட்டது என்று பலரும் எண்ணிய அந்த நடனமணி, இவரோடு மேலும் பல ஆண்டுகள் ஆடினார். 1964ஆம் ஆண்டில் வியன்னாவில் இந்த இணைக்காகத் திரை 89 முறை உயர்ந்தது.

ஆனால், ஆசிரியர் புஷ்கின் 1970ஆம் ஆண்டில் காலமானார். மாணவரை அவர் மறுபடி பார்க்கவே இல்லை. சாகும் தறுவாயில் இருந்த தாயைப் பார்க்க நூரியெவுக்கு 1987ஆம் ஆண்டில்தான் அனுமதி கிடைத்தது. 26 ஆண்டுகளுக்குப் பிறகு, இரண்டே நாள்! ஒரே சீட்டில் அரங்குக்குள் அழைத்துப் போன அந்தத் தாய், உலகம் எழுந்து நின்று கைதட்டிய மேடைகளில் மகனைப் பார்த்ததே இல்லை.

மேடையை விட்டு இறங்கவும் அவருக்கு மனம் வரவில்லை. 1991ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஆடியபோது, பார்வையாளர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்கும் அளவுக்கு உடல் தளர்ந்திருந்தது. எனினும் கற்பிப்பதில் அவர் தளரவில்லை. 1983 முதல் 1989 வரை பாரிஸ் ஓபரா நடனக் குழுவை நடத்தினார். அங்கே சில்வி கில்லெம் என்ற 19 வயதுப் பெண்ணை, அக்குழுவின் மிக உயர்ந்த நிலைக்கு ஏற்றி வைத்தார். வயதைக் காட்டித் தம்மை மறித்தது போல் அவர் பிறரை மறிக்கவில்லை. இந்தியக் கோயில் நடனமாது ஒருத்தியின் கதையான 'லா பயாதேர்' என்ற பாலேயை 1992 அக்டோபரில் மேடையேற்றியதே அவரது கடைசிப் பணி. மூன்று மாதங்களில், 54ஆம் வயதில், எய்ட்ஸ் நோயால் மறைந்தார்.

நேயர்களே, வயது ஒரு தடைதான். அதை மறைத்துப் பேசுவது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். ஆனால், தாண்டக்கூடிய தடை. அதைத் தாண்டப் பிள்ளையின் உழைப்பு மட்டும் போதாது. உண்மையை மறைக்காமல் சொல்லி, அப்படியும் கதவைத் திறந்து வைக்கிற ஓர் ஆசிரியர் வேண்டும். இருக்கிற ஒரு சீட்டோடு அரங்குக்கு அழைத்துப் போகிற ஒரு தாய் வேண்டும்.

எஸ்பிஎம் தேர்வு முடிந்து, "இப்போது நடனம் கற்கலாமா? சங்கீதம் படிக்கலாமா?" என்று உங்கள் மகளோ மகனோ கேட்டால், 'இனி எதற்கு?' என்று உடனே சொல்லிவிடாதீர்கள். கடினம் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, ஆசிரியரிடம் நீங்களே அழைத்துப் போங்கள்.